பரமசிவத்தின் இலவம்பஞ்சு ரஜாய்

பரமசிவம் மாதிரி வெட்கப்படுகிற மனிதரை நான் இந்த அறுபது வயதுக்குப் பார்த்ததில்லை. துவாரகாவில் எங்கள் சொசைட்டியில் அவர் எனக்கு எதிர் ஃப்ளாட். லிஃப்டுக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தால் ஏறமாட்டார், நான்கு மாடியும் படியேறி மூச்சு வாங்க வந்து சேருவார். காய்கறி வண்டிக்காரன் அழுகின தக்காளியை எடை போட்டால் பேசாமல் வாங்கிக்கொண்டு வருவார். பிறகு நான் கீழே போய் அதை மாற்றி, கொசுறாகக் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் பிடுங்கிக்கொண்டு வருவேன். எனக்கு அந்த விஷயத்தில் கூச்சநாச்சம் கிடையாது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து டெல்லிக்காரர்களோடு சண்டை போட்டே ஓய்வுபெற்றவள் நான்.

அவர் போடிநாயக்கனூர்க்காரர். அப்பாவுக்கு மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு அடிக்கிற வேலை. அந்தப் பஞ்சு சாதாரணப் பருத்தி இல்லை, பக்கத்தில் நின்று தும்மினால் போதும், எழுந்து பறந்துவிடும். அதனால் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, அறைக்குள்ளேயே வைத்துப் பிரம்பால் அடிப்பார்களாம். பள்ளி விடுமுறையில் பரமசிவத்துக்கும் அந்த அறைதான் கதி. தலையும் புருவமும் வெளுத்துப்போய் வெளியே வந்தால் தெருவில் "தாத்தா வர்றாரு" என்று சிரிப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற பழக்கம் அப்போது வந்ததுதான் என்று அவர் மனைவி விஜயலக்ஷ்மி சொல்வாள்.

மத்திய அரசுப் பரீட்சை எழுதி டெல்லிக்கு வந்தார். வந்த புதிதில் பஸ்ஸில் "ரோக்கோ", நிறுத்து, என்று கத்தக் கூச்சப்பட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு நடந்தே திரும்புவாராம். அலுவலகத்தில் யாரோ அவர் பெயரைப் 'பரம் சிங்' ஆக்கிவிட்டார்கள். திருத்தினால் அவர்கள் மனம் நோகுமே என்று இவர் திருத்தவில்லை. ஓய்வுபெற்ற அன்றைக்கு மேடையில் மாலை போட்டு, பரம் சிங் ஜி எப்பேர்ப்பட்ட மனிதர் என்று பேசியிருக்கிறார்கள். கீழே உட்கார்ந்திருந்த விஜயலக்ஷ்மி யாரோ ஒரு சர்தாருக்கும் சேர்த்து விழா நடக்கிறது என்று நினைத்தாளாம். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்காது. அவர் அடுக்களைப் பக்கம் போய்விடுவார்.

இப்போது ரஜாய் கதைக்கு வருகிறேன்.

கல்யாணமான புதிதில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குடித்தனம். டெல்லிக் குளிருக்கு ரஜாய் என்று ஒன்று வேண்டும், பஞ்சு அடைத்த போர்வை, என்று ஊருக்கு எழுதியிருக்கிறார். போடியில் யார் ரஜாயைக் கண்டார்கள்? அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, இரட்டைக் கட்டில் அளவுக்கு ஒரு மெத்தையையே மெல்லிசாகத் தைத்து, இலவம்பஞ்சை அடைத்து ரயிலேற்றி அனுப்பிவிட்டார். முதல் குளிர்காலத்தில் அதை வெயிலில் போட்டபோது, மதராசிகள் மெத்தையை மேலே போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்று காலனியே சிரித்ததாம். மறுநாளிலிருந்து பரமசிவம் அதை வெளியே காயப்போட விடவில்லை. படுக்கையறை ஜன்னலில் வெயில் விழும் இடத்தில் மடித்து மடித்துத் திருப்பிப் போடுவார். ஆனால் அந்த மாதிரிப் போர்வை டெல்லியிலேயே கிடையாது. கதகதப்பாக இருக்கும், மேலே கிடப்பதே தெரியாது. அவர்கள் மகள் ஜ்யோத்ஸ்னா அதற்குள் சுருண்டு கிடந்துதான் வளர்ந்தாள். கிழிந்த இடத்திலெல்லாம் கையில் கிடைத்த துணியை வைத்துத் தைத்திருந்தார்கள். அவருடைய அலுவலகப் பேண்ட் துணி ஒரு மூலையில், அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை ஒரு மூலையில்.

சில வருஷங்களாக விஜயலக்ஷ்மிக்கு முடக்குவாதம். கால் விரல்களும் மணிக்கட்டும் வீங்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் ரொம்ப மோசம். கடையில் விற்கிற பருத்தி ரஜாயைப் போர்த்தினால் அந்தக் கனத்தைக் கால் விரல் தாங்காது. ஜ்யோத்ஸ்னா பெங்களூரிலிருந்து ஆன்லைனில் லேசான போர்வை ஒன்று அனுப்பினாள். அது நைலானோ என்னவோ, வேர்த்து ஊற்றி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆக அந்தப் பழைய இலவம்பஞ்சு ரஜாய் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம். அதுவோ பஞ்சு கட்டிகட்டியாகி, நடுவில் வெறும் துணியாகி, ஓட்டை வழியே வெள்ளையாகக் கசியத் தொடங்கிவிட்டது.

இந்தத் தீபாவளி முடிந்ததும் விஜயலக்ஷ்மி அவரிடம் சொன்னாள்: "பிரிச்சு அடிச்சுத் தைச்சாத்தாங்க இந்த வருசம் ஓடும். நீங்களே மொட்டை மாடியில வச்சு அடிச்சிர மாட்டீங்களா?"

சொசைட்டி மொட்டை மாடியில், பத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, பஞ்சு அடிப்பதா? அவருக்குக் கேட்கும்போதே முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் பாலம் என்கிற கிராமத்தில் மெஷின் வைத்துப் பஞ்சு அடித்துத் தரும் கடை இருக்கிறது, அங்கே கொடுக்கிறேன் என்றார். படுக்கைவிரிப்பில் மூட்டையாகக் கட்டி, லிஃப்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கீழே இறக்கி, ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனார்.

ரஜாய் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"அந்த ஆள் கெடுத்துப்புட்டான்" என்று விஜயலக்ஷ்மியிடம் சொல்லியிருக்கிறார். "மெசின்ல போட்டு எல்லாத்தையும் பறக்க விட்டுட்டான். ஒண்ணும் மிஞ்சல."

அவள் அவர் காதோரம் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாளாம். எனக்கு இது உடனே தெரியாது. அவர்கள் இரவல் வாங்கின பருத்தி ரஜாயோடு சமாளித்துக்கொண்டிருந்தார்கள். குளிர் இறங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் காப்பிப்பொடி கொடுக்கப் போனேன். விஜயலக்ஷ்மி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கால் விரல் வீங்கிச் சிவந்திருந்தது. ராத்திரி போர்த்தினால் வலி, போர்த்தாவிட்டால் குளிர் என்றாள். நான்தான் காப்பியை ஆற்றி, வாயில் வைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் ரஜாய் போன கதையைச் சொன்னாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இலவம்பஞ்சை எவனாவது மெஷினில் போடுவானா? டெல்லியில் தெருவுக்குத் தெரு செமல் மரம் நிற்கிறது, சித்திரை வைகாசியில் அதன் பஞ்சு ரோட்டில் உருண்டு கிடக்கிறது, அதுவும் இலவ ஜாதிதானே. இவனுக்குத் தெரியாதா?

"கிளம்புங்கண்ணா" என்றேன் பரமசிவத்திடம். "போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரலாம்."

"விடுங்கம்மா. போனது போகட்டும்."

"என்னத்தை விடறது? அக்கா காலைப் பாருங்க. அவன் தெரியாதவங்கன்னு ஏமாத்தியிருக்கறான். நான் கேக்கறேன், நீங்க சும்மா நில்லுங்க, போதும்."

"அவன்கிட்டப் போயி சண்டை எதுக்கும்மா..."

"மங்களத்தோட போயிட்டு வாங்களேன்" என்றாள் விஜயலக்ஷ்மி, என்னைக் காட்டி. "மிச்சம் ஏதாச்சும் இருந்தா வாங்கிட்டு வாங்க."

அவள் சொன்ன பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொள்ளவே அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார். வழக்கமான கூச்சம் என்று நான் நினைத்தேன்.

கடை பாலம் கிராமத்தில் ஒரு குறுகலான சந்தில் இருந்தது. பக்கத்தில் சமோசாக் கடை, எதிரே டிரை கிளீனர். கடைக்காரர் பெயர் ஆரிப் என்று போர்டில் எழுதியிருந்தது. நாற்பது வயசு இருக்கும், தாடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாசலில் நாலைந்து பேர் ரஜாயோடு காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும், இன்னும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். நாலு பேர் முன்னால் கேட்டால்தான் இவர்களுக்கு உறைக்கும்.

இந்தியில் எனக்கு எத்தனை வசவு தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஒரு நோயாளிப் பெண்ணின் போர்வையைத் தின்றுவிட்டாயே என்றேன். இங்கே கொடுக்கிறவர்கள் யாரும் ஏமாறாதீர்கள் என்று காத்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னேன். நல்ல பஞ்சை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு பறந்துவிட்டது என்கிறான் என்றேன். 'சோர்' என்றேன், திருடன் என்று. காத்திருந்த ஒரு அம்மாள் தன் ரஜாயை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டாள். அதைப் பார்த்து எனக்கு உற்சாகம் கூடியது. போலீஸுக்குப் போவேன் என்றும் சொன்னேன்.

ஆரிப் திருப்பிக் கத்தவில்லை. என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஆப் போலியே" என்றார். நீங்கள் சொல்லுங்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். பரமசிவம் சமோசாக் கடைத் தூணை ஒட்டினாற்போல் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மனுஷன் மயங்கி விழப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குப் பதிலாகவும் நானே சொல்ல வாயைத் திறந்தேன்.

"கல்தி மேரி ஹை" என்றார் பரமசிவம்.

தப்பு என்னுடையது. அத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் அவர் இந்தியில் போடி வாடை போகவில்லை. ஆனால் சந்து முழுக்கக் கேட்டது.

பிறகு, நின்று நின்று, எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்குக் கடையில் ஒரே கூட்டம். மூட்டையை அவிழ்த்ததும் அந்த ஒட்டுத் துணிகளையெல்லாம் ஆட்கள் பார்த்தார்கள். பேண்ட் துணியைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். உள்ளே இருந்த பஞ்சு பழுப்பேறிக் கட்டியாகி, எல்லாப் பழம்பஞ்சும் போலத்தான் இருந்தது. அவசரத்தில் ஆரிப் "ரூயி ஹை நா?" என்று கேட்டார், பருத்திதானே என்று. இலவம்பஞ்சு என்பதற்கு இந்தியில் என்ன என்று இவருக்குச் சட்டென்று வரவில்லை. விளக்கிச் சொன்னால் இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சீக்கிரம் முடிந்தால் சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

ஆரிப் அள்ளி மெஷினுக்குள் போட்டார். அந்தப் பக்கம் மேகமாக வெளியே வந்தது. சந்தே வெளுத்துவிட்டது. சமோசா எண்ணெயில் பஞ்சு, டிரை கிளீனர் வாசலில் தொங்கிய கல்யாண ஷெர்வானியில் பஞ்சு, தெருநாய் தும்மித் தும்மி ஓடியது. ஆரிப் மெஷினை நிறுத்திவிட்டு, "யே கிஸ்கா ஹை?" என்று கத்தினார். இது யாருடையது?

பரமசிவம் வேடிக்கை பார்க்க வந்தவர் போலக் கூட்டத்தில் கலந்து நின்று, அப்படியே மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார்.

"முஜே பதா தா" என்றார் கடைசியில். எனக்குத் தெரியும். மெஷினில் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். என் அப்பா வேலையே அதுதான்.

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சமோசாச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று முன்னால் 'சோர்' என்று சொன்ன வாய் என்னுடையதுதான். நகர்ந்துபோன அந்த அம்மாள் சந்து முனையைத் தாண்டிவிட்டாள், கூப்பிட்டாலும் கேட்காது.

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் ஆரிப். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"ஷரம் ஆயி" என்றார் பரமசிவம். வெட்கமாக இருந்தது.

"கிஸ் பாத் கீ?"

எதற்கு வெட்கம் என்று கேட்டார். பரமசிவம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தது மாதிரி. பதில் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஆசைதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியில் கையைக் கூப்பினார். ஆரிப்பிடம் மன்னிப்புக் கேட்டார். சமோசாக்காரரிடம் போய்க் கேட்டார். எதிரே போய் டிரை கிளீனரிடம் கேட்டார். திரும்பி வந்து, "உங்களையும் வாயை விட வச்சுட்டேம்மா, மன்னிச்சுக்கங்க" என்று என்னிடமும் கேட்டார். நானும் ஆரிப்பிடம் கேட்டேன். கூட்டம் சேர்ந்திருந்தபோது திட்டினது, கூட்டம் கலைந்த பிறகுதான் மன்னிப்பு. அது என் யோக்கியதை.

ஆரிப் ஒன்றும் உருகிவிடவில்லை. "உங்களால் ஒரு நாள் முழுக்கக் கடை திறக்கவில்லை. சமோசாக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், ஒரு சாக்கை இழுத்துவந்து வெளியே போட்டார். கூட்டி அள்ளினதில் சுத்தமாக இருந்தது இவ்வளவுதான், உறையும் உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள், இடத்தை அடைக்கிறது என்றார்.

அன்றைக்கு மத்தியானமே பரமசிவம் மொட்டை மாடிக்குப் போனார். நான் என் வீட்டுக் கொசுவலையைக் கொடுத்தேன். அதைத் துணி காயப்போடும் கம்பிகளில் கட்டி, அடியில் விரிப்பை மடித்துச் செருகி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, திரைச்சீலைக் கம்பால் அடித்தார். ஓங்கி அடிக்கவில்லை, கட்டிகள் விடும் அளவுக்குத்தான். தூசியும் குப்பையும் அடியில் தங்கிவிட, நல்ல பஞ்சு எழுந்து எழுந்து வலைக்குள்ளேயே விழுந்தது. துணி எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண் செல்ஃபோனில் படம் பிடித்தாள். அவர் வெட்கத்தை உதறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். காது மடல் சிவக்க, தலை நிமிராமல், வெட்கப்பட்டுக்கொண்டேதான் அடித்தார். எழுந்து மட்டும் போகவில்லை.

உறையை நான் தைத்தேன். இலவம்பஞ்சுக்கு நெருக்கமான துணி வேண்டும், இல்லாவிட்டால் கசிந்துவிடும் என்றார். என் சாப்பாட்டு மேஜை விரிப்பு கெட்டித் துணி, அதை வெட்டி ஓட்டைகளுக்கு உள்பக்கம் வைத்துத் தைத்தேன். பஞ்சு பாதிதான் மிஞ்சியிருந்தது. இரட்டைக் கட்டிலுக்கு எட்டாது என்பதால், கிழிசல் அதிகமாக இருந்த பக்கத்தை வெட்டி எடுத்து, ஒருவர் போர்த்திக்கொள்கிற அளவுக்குக் குறுக்கினோம். முதலில் நீளவாக்கில் பட்டை பட்டையாகத் தையல் ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு பட்டைக்குள்ளும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சைத் திணித்தார். எல்லாம் முடிந்து வாயைத் தைத்து மூடும்போது மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.

ரஜாயை எடுத்துக்கொண்டு இருவருமாக உள்ளே போனோம். விஜயலக்ஷ்மி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கடையில் நடந்ததை முதல் நாளே அவரே அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். அவள் விரலை மடக்க முடியாமல் உள்ளங்கையாலேயே ரஜாயைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு அவரிடம், "அந்தக் கடைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அவர்கிட்ட மட்டுமா கேட்டார் அக்கா, சமோசாக்காரர்கிட்ட, எதிர்க் கடையில, எல்லார்கிட்டயும்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"மங்களத்துக்கிட்ட?"

"அவங்ககிட்டயும் கேட்டேன்."

விஜயலக்ஷ்மி வீங்கிய காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள்.

"என்கிட்ட?"

அவர் ரஜாயின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். இத்தனை ராத்திரி அவள் வலியில் புரண்டதைப் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கடையில் மிச்சம் கிடந்தாலும் கிடக்கும் என்று அவருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? போய்க் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தார். "விஜி" என்றார். அதற்கு மேல் வரவில்லை. அவள் காத்திருந்தாள். நான் அந்த அறையில் இருந்திருக்கக்கூடாது. எழுந்து போகவும் தோன்றாமல் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"குளுருது. போர்த்தி விடுங்க" என்றாள் அவள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

அவர் காலிலிருந்து தொடங்கி மெதுவாக இழுத்துப் போர்த்தினார். விரல் மேல் படும் இடத்தில் மட்டும் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறவரை அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.